பின்பனியில் ஸ்னோஷூ: அடிரோண்டாக்கில் மூன்று நாள்

முதல் நாள், வெள்ளி இரவு

பங்குனி முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. நம் கணக்கில் இது பின்பனிக் காலத்தின் வால். மாசியும் பங்குனியும் பின்பனி என்று பள்ளியில் ஒப்பித்தபோது, மதுரை வெயிலில் வியர்த்துக்கொண்டே "இதில் எங்கே சார் பனி?" என்று கேட்டுக் குட்டு வாங்கியவன் நான். சார் சொன்ன பனி இதோ, நியூயார்க் மாநிலத்தின் வடக்கு மூலையில், அடிரோண்டாக் மலைகளுக்கு நடுவே, லேக் பிளாசிட்டில் நாங்கள் பிடித்திருக்கும் வாடகை வீட்டு வாசலில் அழுக்கு மலையாகக் குவிந்து கிடக்கிறது.

நாங்கள் நான்கு பேர். அக்கா, அத்தான், தம்பி, நான். இதில் அக்காவும் அத்தானும் கணவன் மனைவி என்பது மட்டும்தான் நிஜ உறவு. மற்றதெல்லாம் நியூ ஜெர்சியின் எடிசனில் ஒரே தெருவில் குடியிருந்து ஒட்டிக்கொண்டது. தம்பி முதுகலை படிக்க வந்து இது இரண்டாவது குளிர்காலம். அவன் இதுவரை கால்நடையாக ஏறிய பெரிய மலை பழனி. அக்கா இந்தப் பக்கம் பதினோரு வருடமாக வருகிறார். அத்தானுக்கு மலையில் ஆசை கிடையாது. அக்கா போகிறார், ஆகவே அவரும் போகிறார். நான் படம் எடுக்க வருகிறேன். உச்சியில் நின்று நாலு பக்கமும் தெரிகிற மாதிரி ஒரு படம், அவ்வளவுதான் என் கனவு.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். 87-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் 30-ஆவது வெளிவழி வரும். அங்கே இறங்கி 73-ஆம் எண் சாலையைப் பிடித்ததும் ஊர் மாறிவிடுகிறது. ஆல்பனியில் மரங்களில் மொட்டு தெரிந்தது. சாப்பல் குளத்தருகே பாறைச் சுவரில் உறைந்த அருவி இன்னும் நீலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சில மணி நேரத்தில் இரண்டு மாதம் பின்னால் போன மாதிரி.

இந்த மலைகளின் உயரத்தைச் சொன்னால் நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். மாநிலத்திலேயே உயரமான மார்சி சிகரம் 5,344 அடிதான். ஊட்டி ஊரே அதைவிட ஈராயிரம் அடி மேலே இருக்கிறது. ஆனால் இது 44 பாகை வடக்கு. சுமார் 4,500 அடிக்கு மேலே மரங்கள் குள்ளமாகி, கூன் விழுந்து, அப்புறம் காணாமலே போகின்றன. நீலகிரிச் சரிவில் அந்த உயரத்தில் வாழைத்தோப்பு இருக்கும்.

மாலையில் சாமான்களைக் கூடத்தில் பரப்பி அக்கா சோதனை போட்டார். முதல் பலி தம்பியின் ஜீன்ஸ்.

"இது நனைஞ்சா காயாது டா. ஈரத்தோட காத்துல நின்னா, நாலு டிகிரியிலயே விறைச்சுப் போயிடுவே."

"அக்கா, நாலு டிகிரின்னா பனி உறையவே உறையாதே?"

"அதான் சொல்றேன். மைனஸ் பதினஞ்சுல துணி காய்ஞ்சே இருக்கும். நாலு டிகிரி மழையில எல்லாம் நனையும். எது மோசம்?"

தம்பி யோசித்துப் பார்த்து ஜீன்ஸை மடித்துப் பைக்குள் வைத்தான். அத்தானின் பழைய நைலான் கால்சட்டை இடுப்பில் நிற்காததால் அதற்கு ஒரு நாடா கட்டப்பட்டது.

ஸ்னோஷூ பார்க்காதவர்களுக்கு: முறம் மாதிரி ஒரு தட்டு. அலுமினியச் சட்டம், நடுவே கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு, அடியில் இரும்புப் பற்கள். பூட்ஸோடு காலை அதில் வைத்து ரப்பர் வார்களால் இறுக்க வேண்டும். முன்பாதம் மட்டும்தான் கட்டப்பட்டிருக்கும். குதிகால் தூக்கித் தூக்கி நடக்கலாம். உடம்பு எடையைப் பெரிய பரப்பில் பரப்பிவிடுவதால் பனிக்குள் புதையாமல் மேலேயே நிற்கிறோம். அக்கா, அத்தான் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். எனக்கும் தம்பிக்கும் வாடகை. என்னுடையதில் ஒரு வார் ஏற்கெனவே பாதி வெடித்திருந்தது. கடைக்காரர் "அது தாங்கும்" என்றார். கடை பெயர் வேண்டாம்.

வானம் துல்லியமாக இருக்கிறது, நட்சத்திரம் கொட்டுகிறது. நாளைக்குப் படம் உறுதி.

இரண்டாம் நாள், சனி இரவு

படம் இல்லை.

முறையாகச் சொல்கிறேன். இன்று காஸ்கேட், போர்ட்டர் என்று இரட்டை உச்சிகள். காஸ்கேட் 4,098 அடி, போர்ட்டர் 4,059 அடி. ஒரே பாதையில் ஏறி, மேலே ஒரு கவையில் பிரிந்து, இரண்டையும் தொட்டுவிட்டு வரலாம். புதிதாக வருகிறவர்களை எல்லோரும் முதலில் இங்கேதான் கூட்டி வருவார்களாம். 73-ஆம் சாலையோரம் காஸ்கேட் ஏரிகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். பாதை தொடங்கும் இடத்தில் மரப்பெட்டிக்குள் ஒரு பதிவேடு இருக்கிறது. பெயர், எத்தனை பேர், எங்கே போகிறோம் என்று எழுதிவிட்டுத்தான் ஏற வேண்டும். இறங்கி வந்ததும் வந்துவிட்டதாகக் குறிக்க வேண்டும். தேடி வருகிறவர்கள் முதலில் திறக்கும் புத்தகம் அதுதான்.

இரவு வானம் தெளிவாக இருந்ததால் பனி இறுகிக் கிடந்தது. காலை ஏழு மணிக்குப் பாதை சிமெண்ட் தரை மாதிரி. இங்கே ஒரு சட்டம் இருக்கிறது: ஹை பீக்ஸ் என்கிற இந்த மலைக்காட்டில் பனி எட்டு அங்குலத்துக்கு மேல் கிடந்தால் ஸ்னோஷூவோ ஸ்கீயோ கட்டாயம். இருபது சென்டிமீட்டர் என்று வையுங்கள். பாதையோரத்தில் அத்தான் ஊன்றிய கோல் பாதிக்கு மேல் உள்ளே போனது. சட்டம் பொருந்துகிறது. ஆனால் என் காலுக்கு அடியில் சிமெண்ட். ஸ்னோஷூவை முதுகுப் பையில் கட்டிக்கொண்டு, பூட்ஸில் பல் சங்கிலி மட்டும் மாட்டிக்கொண்டு ஏறினேன்.

"போடு" என்றார் அக்கா.

"கொஞ்ச தூரம் போயிட்டுப் போடுறேன்க்கா."

அக்கா இரண்டாம் முறை சொல்வதில்லை. அது அவருடைய பழக்கம். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று நான் கற்றது எல்லாம் அதுதான். குளிர்காலம் முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் ஸ்னோஷூவோடு இதன் மேல் நடந்திருக்கிறார்கள். நடக்க நடக்க நடுவில் இரண்டடி அகலத்துக்குப் பனி மிதிபட்டுக் கெட்டியாகிறது. வசந்தம் வந்ததும் இரண்டு பக்கமும் கிடக்கும் தளர்ந்த பனி முதலில் உருகி இறங்கிவிடும். மிதிபட்டது மட்டும் உருகாமல் ஒரு வரப்பு மாதிரி உயர்ந்து நிற்கும். இங்குள்ளவர்கள் அதை மோனோரெயில் என்கிறார்கள். எனக்கு வயல் வரப்புதான் தோன்றியது. வரப்பில் நடந்தால் ராஜா. ஒரு கால் வழுக்கினால் சேறு. இங்கே சேற்றுக்குப் பதில் இடுப்பளவு பனி.

ஒன்பதரைக்கு வெயில் மரங்களுக்குள் வந்தது. பத்து மணிக்கு என் பூட்ஸ் முதல் தடவையாகப் புதைந்தது. கணுக்கால் வரைதான். அப்போதே நின்று ஸ்னோஷூவைக் கட்டியிருக்க வேண்டும். பையை இறக்கி, கையுறையைக் கழற்றி, வாரை இழுத்து, இதற்கெல்லாம் சோம்பல். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன். அப்புறம் முட்டி வரை. வரப்பின் நடுவில், கம்பம் நட வெட்டின குழி மாதிரி, நான் போன வழியெல்லாம் ஓட்டை. பத்துப் பன்னிரண்டு இருக்கும். தம்பி பின்னால் வந்துகொண்டே எண்ணினான் என்று பிறகுதான் தெரிந்தது. பதினேழாம்.

போர்ட்டர் பிரியும் கவையில் தோற்று, உட்கார்ந்து கட்டினேன். அங்கிருந்து காஸ்கேட் உச்சி கால் மைலுக்குச் சற்று அதிகம். மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்கியது. உயரத்தால் வந்த மொட்டை இல்லை இது. 1903-இல் இந்த மலைகளில் பரவிய பெருந்தீ மண்ணோடு சேர்த்து எரித்துவிட்டுப் போனது. நூற்றிருபது வருடம் ஆகியும் மரம் திரும்பி வரவில்லை. அதனால்தான் இங்கிருந்து நாலு பக்கமும் தெரியும் என்று பெயர்.

நாங்கள் பாறையில் கால் வைத்தபோது கீழே கீன் வேலி பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. வந்தது என்றால், பால் பொங்குகிற மாதிரி. ஐந்து நிமிடம் மார்சியின் தோள் தெரிந்தது. காமிராவை எடுத்து உறையைக் கழற்றினேன். தோள் போய்விட்டது. அப்புறம் தம்பியும் போய்விட்டான். பத்தடி தள்ளி நின்றவன் குரலாக மட்டும் இருந்தான்.

நம் மொழியில் எல்லாவற்றுக்கும் பனிதான். புல்லில் கிடப்பதும் பனி, மார்கழிக் காலையில் கோலத்துக்கு மேலே நிற்பதும் பனி, இங்கே கொட்டிக் கிடப்பதும் பனி. போதாத குறை என்று நான் இதுவரை நினைத்திருந்தேன். இன்று காஸ்கேட் உச்சியில் அது குறையாகத் தெரியவில்லை. தரை எங்கே முடிந்து காற்று எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் என்ன?

போர்ட்டருக்கும் போனோம். கவையிலிருந்து முக்கால் மைல். ஃபிர் மரங்களுக்குள் போகிற வழி. ஈரத்தில் அந்த மரத்தின் வாசனை கிளம்பி, பச்சைக் கற்பூரம் நசுக்கின மாதிரி மூக்குக்குள்ளேயே நின்றது. உச்சியில் ஒன்றும் தெரியவில்லை. புளியோதரை சாப்பிட்டோம். அத்தான் குடுவையில் மிளகு ரசம் கொண்டுவந்திருந்தார். ஒரு வாய் குடித்ததும் கண்ணாடி ஆவி படிந்து, இருந்த கொஞ்ச பார்வையும் போயிற்று. பரவாயில்லை. இந்தப் பயணத்தில் இதுவரை மிகச் சிறந்த கணம் அந்த ரசம்தான்.

இறங்கும் வழியில்தான் தண்டனை. மதியம் ஒரு மணிக்குப் பாதை கஞ்சியாகக் குழைந்திருந்தது. ஸ்னோஷூ கட்டியிருந்ததால் நன்றாகத்தான் வழுக்கிக்கொண்டு போனேன். திடீரென்று வலது ஸ்னோஷூவின் மூக்கு எதிலோ குத்தி நின்றது, நான் நிற்கவில்லை. முகம் பனிக்குள். எழுந்து பார்த்தால் முட்டி அளவுக் குழி. அழகான குழி. பூட்ஸ் அடியின் வரி கூட அப்படியே தெரிந்தது.

"இது உன்னோட ஒன்பதாவது" என்றான் தம்பி.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, தன் ஸ்னோஷூவின் விளிம்பால் பக்கத்துப் பனியைக் குழிக்குள் தள்ளி, மேலே ஏறி நின்று இரண்டு மிதி மிதித்துவிட்டுப் போனார். மீதிக் குழிகளை நான் நிரப்பிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றையும் நிரப்பினேன் என்று சொல்ல மாட்டேன். கடைசியில் இடுப்பு விட்டுப்போய், சிலவற்றைத் தாண்டி வந்துவிட்டேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா தன் பட்டியலை எடுத்தார். இந்த மலைகளில் நாலாயிரம் அடிக்கு மேல் 46 சிகரங்கள் என்று ஒரு பழைய கணக்கு. பாப் மார்ஷல், ஜார்ஜ் மார்ஷல் என்ற அண்ணன் தம்பியும் அவர்களுடைய வழிகாட்டி ஹெர்பர்ட் கிளார்க்கும் 1918-இல் தொடங்கி 1925-இல் எல்லாவற்றையும் ஏறி முடித்தார்கள். பிறகு நிலத்தைத் திரும்ப அளந்தபோது அதில் நான்கு நாலாயிரத்தைத் தொடவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் பட்டியலிலிருந்து யாரும் அவற்றை நீக்கவில்லை. இது எனக்குப் பிடித்திருந்தது. உயரம் குறைந்தாலும் உறவு உறவுதானே.

எல்லாவற்றையும் முதலில் ஏறிய பெண் கிரேஸ் ஹுடோவால்ஸ்கி. 1937-இல் முடித்தார், மொத்தத்தில் ஒன்பதாவது ஆள். ஏறி முடிக்க முயல்கிற ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதிய கடிதங்களுக்கு வாழ்நாள் முழுக்க அவர் பதில் போட்டுக்கொண்டே இருந்தாராம். 2014-இல் ஒரு சிகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அக்காவுக்கு இன்னும் பதினைந்து பாக்கி. நாளைக்கு ஏறப்போவதில் ரைட் அவர் ஏற்கெனவே ஏறியது, அல்கோன்குவின் ஏறாதது. 5,115 அடி, மாநிலத்திலேயே இரண்டாவது உயரம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதை ஏன் விட்டு வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"மூணு தடவை போயாச்சு. மூணு தடவையும் திரும்பிட்டோம்" என்றார் அத்தான், தட்டைக் கழுவிக்கொண்டே.

மூன்றாம் நாள், ஞாயிறு இரவு

நான்கரைக்கு எழுந்து கதவைத் திறந்தேன். தெருவிளக்கைச் சுற்றி மஞ்சள் உருண்டை. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. வெப்பமானி நாலு டிகிரி காட்டியது. கூரையிலிருந்து இரவு முழுக்கச் சொட்டிய சத்தம் நான் கனவில் கேட்டது இல்லையாம்.

மேகமும் மூடுபனியும் போர்வை மாதிரி. தெளிந்த இரவில் பனியின் சூடு வானத்துக்குப் போய்விடும், பனி இறுகும். மூடின இரவில் சூடு போக வழியில்லை, இறுகாது. அது மட்டுமில்லை, மூடுபனி பனியைத் தின்னவும் செய்யும் என்றார் அத்தான். அவர் ரசாயன ஆலையில் வேலை பார்ப்பவர், இதெல்லாம் கையில் கணக்குப் போடுவார். காற்றில் உள்ள நீராவி பனியின் மேல் படிந்து தண்ணீராகும்போது சூட்டை விடுகிறது. ஒரு கிராம் ஆவி படிந்தால் ஏழு கிராமுக்கு மேல் பனி உருகும். வெயிலே வேண்டாம். "பார்க்கச் சாதுவா இருக்கும், ஆனா வெயிலைவிட வேகமாத் தின்னும்" என்றார். வண்டியில் நான்கு பேரும் கொஞ்ச நேரம் அதையே யோசித்துக்கொண்டு போனோம்.

பாதை அடிரோண்டாக் லோஜ் என்ற இடத்தில், ஹார்ட் ஏரிக்கரையில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் 'லாட்ஜ்' என்ற அந்தச் சொல்லுக்கு வழக்கமான எழுத்துகளைப் போடாமல், ஒலிக்கிற மாதிரி மூன்றே எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். தம்பி அதை எழுத்துப்பிழை என்று படம் பிடித்தான். பிழை இல்லை, மெல்வில் டூயியின் பிடிவாதம். நூலகங்களில் புத்தக முதுகில் எண் ஒட்டினாரே, அதே டூயி. தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று எண் விழுந்தது அவருடைய திட்டத்தில்தான். எழுத்துச் சீர்திருத்தப் பைத்தியம் அவருக்கு. லேக் பிளாசிட்டில் அவர் நடத்திய மன்றத்தின் கைங்கரியம் இந்தப் பலகை. அந்த மன்றத்தில் யூதர்களைச் சேர்க்க மாட்டார்கள். அந்தச் சர்ச்சையில் 1905-இல் அவர் மாநில நூலகர் பதவியை விட வேண்டி வந்தது. 2019-இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்தும் அவர் பெயரை எடுத்துவிட்டது. நான்கு தமிழர்கள் அந்தப் பலகையின் கீழே நின்று கடலை மிட்டாய் தின்றோம். நம் சீர்காழி ரங்கநாதன் நூலகங்களுக்கு வேறு வகைப்பாடு கண்டுபிடித்தது நல்லதாகப் போயிற்று என்றேன். யாரும் சிரிக்கவில்லை. விடியற்காலை ஐந்தே முக்கால்.

இன்று முதல் அடியிலேயே ஸ்னோஷூ. முதல் மைல் சமதளம். பிறகு மார்சிக்குப் போகும் பாதை இடப்பக்கம் பிரிய, நாங்கள் மஞ்சள் வட்டுகள் அறைந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு நேரே ஏறினோம். ஒரு வட்டிலிருந்து அடுத்தது தெரியாது. அடுத்தது இருக்கும் என்ற நம்பிக்கையில் வரப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இரண்டு மைலுக்குப் பிறகு ஏற்றம் கடுமையானது. ஸ்னோஷூவின் குதிகாலுக்கு அடியில் ஒரு கம்பி இருக்கிறது; அதை நிமிர்த்திவிட்டால் செங்குத்தில் கூடப் படிக்கட்டு ஏறுகிற மாதிரி குதிகால் நிற்கும். இதைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம்.

ரைட் பிரியும் இடத்துக்கு வரும்போது மணி ஒன்பது. அங்கேதான் என் வார் அறுந்தது. "அது தாங்கும்" என்ற வார். அத்தான் பையிலிருந்து நான்கு பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளை எடுத்தார், கம்பிகளைச் சேர்த்துக் கட்டுகிற வகை. இரண்டு போட்டு இறுக்கினார். அவரிடம் எப்போதும் எல்லாம் இருக்கும். மலையில் ஆசையில்லாதவர்கள்தான் மலைக்குச் சரியாகத் தயாராகி வருகிறார்கள்.

ரைட் உச்சி அங்கிருந்து அரை மைல் கூட இல்லை. 4,580 அடி. ஆனால் மரம் முடிந்த இடத்தில் காற்று பிடித்தது. கீழே அசையாமல் நின்ற மூடுபனி இங்கே ஆறு மாதிரி ஓடியது. தாடியிலும் கோலிலும் வெள்ளை முள் முளைத்தது. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத மேகத்துளிகள் எதில் பட்டாலும் அந்த இடத்திலேயே ஒட்டி உறைகின்றன, அதுவும் காற்று வருகிற திசையை நோக்கியே வளர்கின்றன. வழிகாட்டக் குவித்த கற்குவியல்கள் எல்லாம் ஒரே பக்கம் இறகு முளைத்து நின்றன. நாலு டிகிரியில் கிளம்பி, நனைந்து, இப்போது இது. ஜீன்ஸ் இல்லாத தம்பி ஒன்றும் சொல்லாமல் அக்காவைப் பார்த்தான். அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தப் பாறை அனார்த்தோசைட். நூறு கோடி வருடங்களுக்கு மேல் பழையது. நிலாவின் வெளிச்சமான மேட்டுப் பகுதிகளும் இதே வகைப் பாறைதான். 1971-இல் அப்போலோ 15-இல் போனவர்கள் ஒரு துண்டு கொண்டுவந்தார்கள். அந்தக் காற்றில், நிறமே இல்லாத அந்த இடத்தில் நின்றபோது, இந்தத் தகவலை நம்புவது சுலபமாக இருந்தது.

உச்சிக்குப் பக்கத்தில் பாறையில் ஒரு பட்டயம் பதித்திருக்கிறார்கள். 1962 ஜனவரியில் பிளாட்ஸ்பர்க் விமானத் தளத்தைச் சேர்ந்த பி-47 குண்டுவீச்சு விமானம் ஒன்று, மோசமான வானிலையில் வழி விலகி, இந்த மலையில் மோதியது. நான்கு பேர் இருந்தார்கள். நான்கு பேரும் போனார்கள். தம்பி கையுறையால் பட்டயத்தின் மேல் இருந்த பனியைத் துடைத்துப் பெயர்களைப் படித்தான். பிறகு சுற்றிலும் பார்த்தான். பார்க்க ஒன்றும் இல்லை. அவர்கள் பார்த்ததும் இதுதான் என்று அவன் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். சொல்லவில்லை.

திரும்பிக் கவைக்கு வந்து அல்கோன்குவின் பக்கம் ஏறினோம். மரங்கள் மார்பளவு, இடுப்பளவு, முழங்காலளவு என்று இறங்கிக்கொண்டே வந்தன. இங்கேதான் நான் படம் எடுக்க இரண்டடி வரப்பை விட்டு விலகினேன். உறைந்த ஒரு குட்டி மரம், அவ்வளவு அழகு. தரை திறந்தது. மார்பு வரை உள்ளே போய்விட்டேன். குள்ள ஃபிர் மரங்களை மூடிப் பனி விழும்போது கிளைகளுக்கு அடியில் வெற்றிடம் நின்றுவிடுகிறது. மேலே பார்த்தால் சமதளம். ஸ்னோஷூ கீழே கிளையில் மாட்டிக்கொண்டு, இழுத்தால் வரவில்லை. காலடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அத்தான் கோலால் தோண்ட, தம்பி தோளைப் பிடித்து இழுக்க, இருபது நிமிடம். கட்டுப்பட்டைகள் தாங்கின.

அக்கா அப்போது என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரங்கள் முற்றிலும் முடிந்த இடத்தில் ஒரு முறை சொன்னார். "ஒருத்தர் கற்குவியல் பக்கத்துலயே நிக்கணும். மத்தவங்க குரல் கேக்குற தூரம் வரைக்கும் போய் அடுத்ததைத் தேடணும். கிடைச்சா கூப்பிடணும். கிடைக்கலைன்னா திரும்பி வந்துடணும்." இங்கே எங்கு வேண்டுமானாலும் மிதிக்கவும் கூடாது. பனியுகத்தின் மிச்சமாக உச்சிகளில் மட்டும் தங்கிவிட்ட சிறு செடிகள் பாறை இடுக்குகளில் இருக்கின்றன. மாநிலம் முழுக்கச் சேர்த்தால் அவற்றின் இடம் 200 ஏக்கருக்கும் குறைவு. பனி விலகி அவை வெளியே வருகிற மாதம் இது. பாறை அல்லது ஆழமான பனி, இரண்டில் ஒன்றில்தான் கால் வைக்கலாம்.

முதல் குவியலிலிருந்து இரண்டாவது கிடைத்தது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் முன்னால் போன அக்கா கரைந்து, பிறகு "இருக்கு!" என்ற குரல் மட்டும் வரும். கடைக்குட்டியாகக் குவியலோடு நின்றது தம்பி. தனியாக அந்த வெள்ளைக்குள் நிற்பது எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "காதுக்குள்ள என் ரத்தம் ஓடுற சத்தம் கேட்டுச்சு" என்றான்.

நான்காவது கிடைக்கவில்லை. வலப்பக்கம் போய்ப் பார்த்தார், இடப்பக்கம் போய்ப் பார்த்தார். எங்கள் தடத்தையே காற்று மூடிக்கொண்டிருந்தது. உச்சி இன்னும் முந்நூறு அடி உயரம் இருக்கும் என்று அத்தானின் கருவி சொன்னது.

"போதும்" என்றார் அக்கா.

தம்பிதான் பொறுக்கவில்லை. "அக்கா, இவ்ளோ தூரம் வந்துட்டு! போன்ல வரைபடம் இருக்கு. இதைப் பார்த்தே போயிடலாம்."

"போன் பாட்டரி எவ்ளோ இருக்கு?"

அவன் எடுத்துப் பார்த்தான். காலையில் எண்பது இருந்தது, குளிரில் பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. அவன் கையிலேயே அது அணைந்தது. யாரும் சிரிக்கவில்லை. நான்காவது தடவையாக அக்கா அல்கோன்குவினுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். கண்ணிமையெல்லாம் வெள்ளை, ஒன்றும் தெரியவில்லை. மரங்களுக்குள் இறங்கிய பிறகு அத்தான் மிச்ச ரசத்தை முழுவதும் அவருக்கே ஊற்றிக் கொடுத்தார். எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

இறங்கும் பாதை நேற்றைவிடக் குழைந்திருந்தது. யாரோ இருவர் ஸ்னோஷூ இல்லாமல் பாதி வரை ஏறித் திரும்பியிருக்கிறார்கள். வரப்பு நெடுக முட்டி ஆழக் குழிகள். நேற்று வரை எனக்கு அது குழி. இன்று அதைப் பார்த்ததும் கோபம் வந்தது, உடனே வெட்கமும் வந்தது. கடைசியாக வந்துகொண்டிருந்த நான் நின்று, விளிம்பால் பனியைத் தள்ளி, மிதித்து, அடுத்ததற்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் தம்பியும் திரும்பி வந்து எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ள ஆரம்பித்தான். பேசவில்லை. அல்கோன்குவின் கோபம் இன்னும் அவனுக்குத் தீரவில்லை, அதையெல்லாம் மிதியில் காட்டினான்.

செங்குத்து முடிகிற இடத்தில் கீழேயிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அறுபத்தைந்து வயதிருக்கும், கணவன் மனைவி, காலில் மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிய பழைய காலத்து ஸ்னோஷூ. மேலே எப்படி என்று கேட்டார் அந்த அம்மா. ஒன்றும் தெரியவில்லை என்றேன். "நல்லது, அப்படியென்றால் கூட்டமும் இருக்காது" என்று சொல்லிவிட்டு, நான் அப்போதுதான் மிதித்து முடித்த இடத்தில் கால் வைத்து ஏறிப் போனார். அது அமுங்கவில்லை.